பதினெட்டு யானைகளும் ஒரு ஷட்டரும்

போன சனிக்கிழமை திருச்சி தில்லை நகரில் பதினெட்டு யானைகளைப் பார்த்தேன். ஓர் அனிமேஷன் பயிற்சி நிலையத்தின் மாடி ஹாலில், வரிசையாக, ஃபிரேம் போட்டு!

எனக்கு அங்கே என்ன வேலை? பெரிய கடைவீதிப் பக்கம் பேக் ரிப்பேர் கடை வைத்திருக்கும் காதர் பாய் கூப்பிட்டிருந்தார். அவர் மகள் ரிஸ்வானா அங்கே ஒரு வருடமாகப் படிக்கிறாள். பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பெற்றோர் வந்து பார்க்கும் நாள் அது.

"நீங்க எழுதுறவங்க, இதெல்லாம் தெரியும். வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். சரிவராதுன்னா இப்பவே பி.காம்.ல சேத்துடுறேன்" என்றார். விண்ணப்பப் படிவம் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

எழுதுகிறவனுக்குப் படம் வரைவதைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பேனா? இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

நிலையத்தின் பொறுப்பாளர் — அந்த வெயிலிலும் கோட்டு — என்னை யானை யானையாக அழைத்துப் போனார். "ஷேடிங் பாருங்க சார். டெக்ஸ்ச்சர் பாருங்க. ஆறு மாசம் முன்னாடி இவங்களுக்கு ஒழுங்கா ஒரு வட்டம் போட வராது."

பார்த்தேன். பதினெட்டு யானைக்கும் இடது காது ஒரே இடத்தில் கிழிந்திருந்தது. காதின் அகலத்தைப் பார்த்தால் ஆப்பிரிக்க யானை. எவனோ எடுத்த போட்டோவை இணையத்திலிருந்து இறக்கி, அதன் மேல் தாளை வைத்து, ஆளுக்கொரு நகல் எடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க யானையின் நெற்றியில் நாமம் வேறு! காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம் கோயிலில் நிஜ யானையையே பார்க்கலாம். நோட்டோடு வந்து நின்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

சொன்னேனா? இல்லை. கையில் டீ கொடுத்திருந்தார்கள். 'எழுத்தாளர் சார்' என்று வேறு கூப்பிட்டார்கள். ஒவ்வொரு யானைக்கும் ஒரு முறை "பிரமாதம்" என்று தலையாட்டினேன்.

பத்தொன்பதாவது இடத்தில் யானை இல்லை. மேஜை மேல் ஒரு குட்டி நோட்டு கிடந்தது. ரிஸ்வானாவுடையது.

பொறுப்பாளர் விரலை நாக்கில் தொட்டு, பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஓர் ஆள். முகம் கிடையாது, பத்துப் பதினைந்து கோடுகள்தான். அடுத்த பக்கத்திலும் அதே ஆள். அதற்கடுத்த பக்கத்திலும்.

"ஒரே படத்தை நோட்டு பூரா வரைஞ்சு வச்சிருக்காங்க. ஃபினிஷிங்கே இல்ல. மத்த பிள்ளைங்க படத்தோட நீங்களே ஒப்பிட்டுக்குங்க."

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தாள் ரிஸ்வானா.

"பெரியவங்க பேசிட்டு இருக்கோம்லம்மா."

பாய் என்னைப் பார்த்தார். நான் மோவாயைத் தடவிக்கொண்டேன். "கோடு பரவாயில்லை. ஆனா முகமே இல்லையே... இன்னும் நிறையப் பயிற்சி வேணும்" என்றேன். ஆஹா, என்ன ஒரு கண்டுபிடிப்பு!

பாயின் கை சட்டைப் பைக்குப் போனது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. ஒருத்தியின் படிப்பைக் காலி செய்ய எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் அழவில்லை. நோட்டை எடுத்தாள். அப்பாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "இப்பப் பாருங்க அத்தா" என்று கட்டைவிரலால் பக்கங்களைச் சர்ரென்று விட்டாள்.

அந்த ஆள் அசைந்தார்! குதிகாலைத் தூக்கி எம்பினார். கொக்கியை மாட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுக் கடை ஷட்டரை இழுத்தார். பாதியில் நின்று இடது தோளை ஒரு சுழற்று சுழற்றினார். மறுபடி இழுத்து, கடைசியில் காலால் ஒரு மிதி.

"இன்னொரு தடவ காட்டு" என்றார் பாய். காட்டினாள். அவர் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இது நான்தானே... தோள்பட்ட வலிக்கிறது உனக்கு எப்படிம்மா தெரியும்? உங்கம்மாகிட்டகூட நான் சொன்னதில்லையே."

"தினமும் பாக்குறேன்ல அத்தா."

படத்தை அசைய வைக்கக் கற்றுத்தரும் இடம் அது. அங்கே ஒருவருக்குக்கூட அந்த நோட்டை வேகமாகப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. கோட்டுக்காரருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"கான்செப்ட் ஓகே... ஆனா டிஸ்பிளேன்னு வரும்போது..." என்று இழுத்தார் பொறுப்பாளர்.

பாய் சுவரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். "பதினெட்டு யானை மாட்டி வச்சிருக்கீங்க. ஒண்ணாவது நடக்குதா சார்?"

புதன்கிழமை, ஜிப் போன பையோடு அவர் கடைக்குப் போனேன். பி.காம். படிவம் பசை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. ரிஸ்வானா புது நோட்டு ஒன்றை நீட்டினாள். "உங்களையும் வரைஞ்சிருக்கேன் சார். புரட்டிப் பாருங்க."

புரட்டினேன். முகம் இல்லை. ஆனாலும் சந்தேகமே வேண்டாம், நான்தான். ஒரு கையில் டீ... தலையை ஆட்டுகிறேன், ஆட்டுகிறேன், கடைசிப் பக்கம் வரை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்!