டெல்மர் ஹக்கபி ஏன் குனிகிறார்

வண்டியை நிழலில் ஒதுக்கி நிறுத்திவிட்டு டெல்மர் ஹக்கபி குனிகிறார். தலை மறைந்து முதுகு மட்டும் தெரிகிறது. தோள்கள் இரண்டு தரம் அசைகின்றன. பிறகு நிமிர்ந்து, கண்ணாடியில் முகம் பார்த்து, இல்லாத முடியை ஒதுக்கிக்கொண்டு கிளம்பிப் போய்விடுகிறார். போன காரியம் முடிந்ததும் திரும்பி வந்து, அதே நிழலில் நிறுத்தி, அதே மாதிரி குனிந்து நிமிர்ந்து, மறுபடியும் போய்விடுகிறார். வண்டியை விட்டு ஒரு நாளும் இறங்குவதில்லை.

நிழல், கட்லர் பெண்ட் என்கிற டெக்சஸ் ஊரின் தெற்கே ஒரு முட்டுச்சந்தில் நிற்கும் பீகன் கொட்டை மரத்துடையது. மரம், நெல்டா ஸ்கோகின் வீட்டு வாசலில் நிற்கிறது. நெல்டா ஸ்கோகின் கணவனை இழந்தவர். மெதடிஸ்ட் கோயிலில் பியானோ வாசிப்பவர். டெல்மரோ, லபக் நகரத்துப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது என்று போன மனைவி திரும்பி வராததால் தனியாக இருப்பவர். ஓர் ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

டோனட் கடையில் காலைக் காப்பிக்குக் கூடுகிறவர்களிடையே மூன்று கட்சிகள் இருந்தன. குனிந்து ஜெபம் செய்கிறார் என்றது ஒன்று. பாட்டில் வைத்திருக்கிறார் என்றது இன்னொன்று. பெருங்கட்சி காதல் கட்சி. அதற்குத் தலைவர் தீவனக் கடை ராய்ஸ்.

"வாசல் வரைக்கும் வந்துடறான். இறங்கத்தான் தைரியம் இல்ல. சீட்டுக்கு அடியில விழுந்திருக்கும்னு குனிஞ்சு தேடறான், பாவம்" என்றார் ராய்ஸ்.

வதந்தியைச் சரிபார்க்க வேண்டுமானால் அந்த வண்டிக்குள் ஏறிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏறிப் பார்த்தால், ராய்ஸ் சொன்னதில் பாதி உண்மை. டெல்மரின் தைரியம் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அது ஒரு கைத்துப்பாக்கி.

சட்டைக்குள்ளே, வலது இடுப்பில் அது எந்நேரமும் இருக்கும். டெக்சஸில் அது ஒன்றும் அதிசயமில்லை. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையே. ஆனால் தபால் ஆபீசுக்குள் அது கூடாது. கோர்ட்டுக்குள் கூடாது. பள்ளிக்கூடத்துக்குள் கூடாது. அப்போது அதை வண்டியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லோரும் என்ன செய்வார்கள் என்றால், போன இடத்தில் நிறுத்தி, உருவி, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். டெல்மருக்கு அதைக் கேட்டாலே உடம்பு எரியும். "அது காகிதம் வைக்கிற பொட்டிப்பா. ஸ்க்ரூடிரைவர் வெச்சு ஒரு நெம்பு நெம்பினா வாயைப் பொளந்துடும்."

அவர் முறை வேறு. துப்பாக்கியை மட்டும் உருவ மாட்டார். உறையோடு சேர்த்துக் கழற்றுவார், விசைமேல் எதுவும் பட்டுவிடக் கூடாது என்று. தம் சீட்டுக்கு அடியில் இரும்புப் பெட்டி. பெட்டியைச் சீட்டின் காலோடு கட்டிப்போட்ட எஃகு வடம். உள்ளே வைத்துப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். தோள் அசைவது அப்போதுதான். இதையெல்லாம் போகும் இடத்தில் செய்யவே மாட்டார். "நிறுத்தற இடத்துல ஒளிக்காதே, ஒளிச்சுட்டு வந்து நிறுத்து" என்பது அவர் வேதம். நிறுத்துமிடத்தில் நாலு பேர் பார்க்க இடுப்பில் கை வைத்துக் குனிகிறவன், திருடனுக்குச் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறான் என்பார். அதனால்தான் ஆளில்லாத முட்டுச்சந்து. அதனால்தான் பீகன் மரம்.

இந்த ஞானம் அவருக்குத் தொழிலில் வந்தது. கார்க்கண்ணாடி மாற்றுகிறவர். திங்கட்கிழமை காலையில் கடை வாசலில் உடைந்த ஜன்னல்கள் வரிசையாக வந்து நிற்கும். சொந்தக்காரர்கள் பல்வலிக்காரர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

"என்ன போச்சு?"

"பெருசா ஒண்ணுமில்ல டெல்மர். கொஞ்சம் சில்லறை. ஒரு கூலிங்கிளாஸ்."

"எத்தனை தோட்டா பிடிக்கும் அந்தக் கூலிங்கிளாஸ்?"

 பெரும்பாலும் பின்கண்ணாடியில் 'இந்த வண்டிக்குக் காவல் துப்பாக்கி' என்கிற ஸ்டிக்கர் இருக்கும். உள்ளே சரக்கு இருக்கிறது என்று திருடனுக்குக் கடைப்பலகை மாட்டி வைத்த மாதிரி. கண்ணாடியை மாற்றிக் கொடுத்ததும், சொந்தக்காரர் அதே ஸ்டிக்கரில் புதிதாக ஒன்றை வாங்கி ஒட்டிக்கொண்டு போவார். டெல்மர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆக, காவலுக்கு என்று வாங்கிய பொருளுக்கு அவர் காவலாகிவிட்டார். தபால் ஆபீசின் நிறுத்துமிடத்தில்கூட அது இருக்கக் கூடாது என்பதால் எதிரே ராய்ஸின் தீவனக் கடையில் நிறுத்தி, சாலையைத் தாண்டி நடப்பார். மளிகை, மருந்து, முடிவெட்டு எல்லாம் இடுப்புக் கனத்தோடு ஒரு நாள். தபாலும் கோர்ட்டும் கனத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு இன்னொரு நாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு வழியில் பயம் என்பதால் மடியில் கனம் ஏறியது. இப்போது கனத்தைப் பற்றியே பயம்.

அவருடைய அக்கா ஆர்லீன் ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டார்.

"டேய், நெல்டா விஷயத்துல உன் எண்ணம் என்ன?"

"என்ன எண்ணம்?"

"அவ வீட்டை வித்துட்டு டல்ஸால மகன்கிட்டப் போறதா இருந்தா. 'விற்பனைக்கு'ன்னு போர்டே நட்டிருந்தா. போன வாரம் அதைப் பிடுங்கிக் கராஜ்ல போட்டுட்டா. எதுக்குன்னு நினைக்கிற?"

டெல்மர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மேலும் துடைத்தார்.

"ஊரை விட்டுப் போக இருந்த பொம்பளை உன்னால நின்னுட்டாடா. ஒண்ணு இறங்கிப் போய்க் கதவைத் தட்டு. இல்ல, அங்க நிக்காதே. மரத்தடியில வந்து கும்பிட்டுக் கும்பிட்டுப் போறதுக்கு அவ என்ன மாதா கோயிலா?"

 டெல்மரின் அவஸ்தை விசித்திரமானது. துப்பாக்கி வைத்திருப்பது ரகசியமல்ல. அது எந்த நேரம் வண்டியில் தனியாகக் கிடக்கிறது என்பதுதான் ரகசியம். மரத்தடியில் குனிவது எதற்கு என்று அக்காவிடம் சொன்னால் மாலைக்குள் டோனட் கடைக்குத் தெரியும். அப்புறம் மரத்தடியில் குனிந்துவிட்டுப் போகும் டெல்மரைப் பார்க்கிறவன் எவனுக்கும், இன்னும் கொஞ்ச நேரத்துக்குத் துப்பாக்கி வண்டியில், ஆள் வெளியில் என்று விளங்கிவிடும். சொல்லாவிட்டால், ஒரு நல்ல பெண்மணி இல்லாத காதலை நம்பி மகன் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார். பெட்டியைக் காப்பாற்றுவதா, அந்த அம்மாளைக் காப்பாற்றுவதா?

இரண்டையும் காப்பாற்றப் பார்த்தார். மறுநாளிலிருந்து பாப்டிஸ்ட் கோயிலின் பின்பக்கம் போய்க் குனியத் தொடங்கினார்.

இந்த ஊரில் செய்யக்கூடாத தப்பு அது. இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும் மனசு உடைந்தாலும் வாய் வார்த்தையால் ஆறுதல் சொல்ல மாட்டார்கள்; மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் பாலாடைக்கட்டி உருக்கிய சாப்பாட்டைச் சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஹக்கபி நெல்டாவைக் கைவிட்டார் என்ற செய்தி பரவிய அன்று மாலையே பாத்திரங்கள் தெருவில் ஊர்வலம் போயின. கோழியும் சோறும் வேகவைத்தது, உருளைக்கிழங்கு, மக்ரோனி. ராய்ஸின் மனைவி பழுப்புச் சர்க்கரையில் சுட்ட இனிப்புப் பணியாரம் ஒன்றையும் சேர்த்து எடுத்துப் போனார். அது கணவன் செத்தவர்களுக்கு மட்டும் செய்வது.

டெல்மர் கடைக்கு நெல்டா போன் செய்தார்.

"ஹக்கபி, வீட்டுக்கு வாங்க. இந்தத் தடவை இறங்குங்க."

போனார். வழியெல்லாம் வார்த்தை அடுக்கிக்கொண்டே போனார். கதவைத் திறந்த நெல்டாவின் கையில் கரண்டி இருந்தது.

"மிஸ் நெல்டா" என்றார் டெல்மர், அந்தப் பக்கத்து மரியாதைப்படி. "நான் ஒரு உண்மை சொல்லணும். நான் உங்க வாசல்ல நின்னது..."

"பொட்டியில வைக்கறதுக்கு."

நெல்டா கரண்டியால் ஜன்னலைக் காட்டினார்.

"என் சமையலறை ஜன்னல் உங்க வண்டிக்கு நேர் மேல. உங்க வழுக்கையில எத்தனை மச்சம்னுகூட எனக்குத் தெரியும். முதல் நாள் யாரோ திருடன்னு ஷெரீப்புக்குப் போன் போடப் போனேன். பூட்டை ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தீங்களா, அப்போ தெரிஞ்சுது, இது நம்மூர் பயந்தாங்கொள்ளின்னு."

"அப்ப யாருக்கும் நீங்க சொல்லல?"

"ஒளிச்சு வைக்கறதை ஊருக்குச் சொன்னா ஒளிச்சு என்ன புண்ணியம்?"

இந்த வாக்கியத்தைக் கேட்டபோது டெல்மருக்கு மனைவி போனதற்கப்புறம் முதல் தடவையாக யாரோ தம் பாஷையில் பேசுவதுபோல் இருந்தது.

"போர்டைப் பிடுங்கினீங்களே?"

"விலை படியல" என்றார் நெல்டா, கரண்டியைப் பார்த்துக்கொண்டு. "அதை விடுங்க. என் ஃப்ரிட்ஜ் மூட மாட்டேங்குது. ஆளாளுக்குப் பாத்திரத்தோட வந்து என் தோளைத் தட்டிட்டுப் போறாங்க. என் வீட்டுக்காரர் செத்தப்பகூட இவ்வளவு மக்ரோனி வரல. நாளையிலேருந்து ஒழுங்கா மரத்தடிக்கு வாங்க."

"வந்துடறேன்."

"அப்புறம், இத்தனை நாள் நிழல் சும்மா குடுத்திருக்கேன். அதுக்கு எனக்கு ஒரு சாப்பாடு பாக்கி. ஆத்தங்கரை டான்ஸ் ஹால்ல கெளுத்தி மீன். மேஜையில உட்கார்ந்து, துணி நாப்கினோட. பொட்டலமா வாங்கிக் குடுத்து ஏமாத்தக் கூடாது."

வெள்ளிக்கிழமை மாலை டெல்மர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். டான்ஸ் ஹால் வாசலில் 51% என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருக்கும். பாதிக்குமேல் வரும்படி மதுவில் வருகிற இடம், துப்பாக்கி கூடாது என்று அர்த்தம். அதனால் முறைப்படி மரத்தடியிலேயே குனிந்து, வைத்து, பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் நெல்டாவை ஏற்றிக்கொண்டார். வழிநெடுக அவருக்குத் தம்மைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ஹால் நிரம்பி வழிந்தது. ஜன்னலோரம் ராய்ஸும் மனைவியும் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படியில் ஒரு காலை வைத்த நெல்டா, சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் நின்றார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஹக்கபி. உங்க பொட்டியில இன்னொண்ணுக்கு இடம் இருக்கா?"

டெல்மர் அவரைப் பார்த்தார். கைப்பையைப் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"நீங்க என் வாசல்ல வந்து நிக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து" என்றார் நெல்டா. "வாசல்ல ஆம்பளை ஒருத்தன் துப்பாக்கியோட வந்து வந்து குனிஞ்சா, ஒத்தைப் பொம்பளை வேற என்ன பண்ணுவா?"

பெட்டி ஒன்றுக்குத்தான். திரும்பி வந்து எவ்வளவு திருப்பி வைத்துப் பார்த்தும் இரண்டாவது உள்ளே போகவில்லை. டேஷ்போர்டுப் பெட்டியை நெல்டா கண்ணால் காட்டினார். டெல்மர் தலையை ஆட்டி மறுத்தார். வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வரலாம் என்றால், அதற்குள் மீன் தீர்ந்துவிடும். கடைசியில் நெல்டா இரண்டு துப்பாக்கிகளுக்கும் காவலாக வண்டியில் உட்கார்ந்துகொள்ள, டெல்மர் வெறும் இடுப்போடு உள்ளே போய், காகிதத் தட்டில் மீனும் சோளமாவு உருண்டையும் வாங்கி வந்தார். ராய்ஸ் ஜன்னல் வழியாகத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

இருவரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஹாலுக்குள் வயலின் ஆரம்பித்தது. நெல்டா முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"இது கணக்குல சேராது."

"சேராதுதான்."

"மேஜையும் இல்ல, நாப்கினும் இல்ல. பாக்கி பாக்கிதான்."

டெல்மர் பாதி மீனை மூடி வைத்தார். விரல்களைக் கைக்குட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். சுற்றிலும் வண்டிகள், போகிறவர் வருகிறவர், ஜன்னலில் ராய்ஸ்.

"மிஸ் நெல்டா, காலைக் கொஞ்சம் தூக்குங்க."

நெல்டா தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் தூக்கினார். டெல்மர் அத்தனை பேர் பார்க்கக் குறுக்கே குனிந்து, நெல்டாவின் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, இன்னொரு பெட்டிக்கு இடம் இருக்கிறதா என்று சாண் போட்டு அளந்தார்.