எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையாம்

இன்னிக்கு நினைச்சாலும் எனக்குப் பத்திண்டு வரது. நான் காரைக்கால்ல பிறந்தவ. அப்பா அங்கே பிரெஞ்சு சர்க்கார்ல குமாஸ்தா. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்துல முழுக்க பிரெஞ்சுலயே படிச்சேன். ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தா, "இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது"ன்னு மாமியார் வரவா போறவாகிட்டயெல்லாம் சொல்லி அங்கலாய்ச்சா. படிக்காதவ பட்டியல்ல என்னைச் சேர்த்தாச்சு!

ஆத்துக்காரர் பி.ஏ. ரெண்டாவது பாஷையா பிரெஞ்சை எடுத்து, நெட்டுருப் போட்டுப் பாஸ் பண்ணினவர். சாயங்காலம் கூடத்துல காலேஜ் பையன்களுக்கு பிரெஞ்சு ட்யூஷன். ஒருநாள் 'டைம்'ங்கற வார்த்தை வந்தது. "பிரெஞ்சுல 'தாம்', எழுதிக்கோங்கோ"ன்னார். மணி என்னன்னு கேக்கவும் 'தாம்', மூணு தடவைன்னு சொல்லவும் 'தாம்'. கர்மம்! இங்கிலீஷ்காரனுக்குத்தான் எல்லாம் ஒரே டைமாம். நமக்கு நேரம் வேற, மணி வேற, தடவை வேற இல்லையா? பிரெஞ்சுக்காரனும் நம்மாட்டம்தான். நேரத்துக்கு 'தாம்', மணிக்கு 'எர்', தடவைக்கு 'ஃப்வா'. தமிழ்ல யோசிச்சிருந்தாக்கூட அந்த மனுஷன் தப்புப் பண்ணியிருக்க மாட்டார்.

தளிகை பண்ணிண்டிருந்த நான் உள்ளேந்தே திருத்திட்டேன். பையன்கள் போனப்புறம், "இனிமே வாயைத் திறந்தா தெரியும் சேதி"ன்னு குதிச்சார். மறுநாள் என்னோட மூணு வார்த்தையையும் தானே கண்டுபிடிச்சாப்ல அவாளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அதுல ஒரு பையனோட அக்கா திருச்சி கான்வென்ட்ல படிச்சிண்டிருந்தா. நான் திருத்தின சேதி அவ மூலமா அங்கே போயிடுத்து. அங்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம திண்டாடிண்டிருந்தாளாம். ஒரு வெள்ளைக்கார மதர் ஜட்கா வெச்சுண்டு என்னை வேலைக்குக் கூப்பிட எங்காத்துக்கே வந்துட்டா. மாமியார் அவரை ரேழியைத் தாண்ட விடலை. நான் கதவோரமா நின்னேன். அந்த வேலை எனக்கு வேணும்னு இருந்தது. இந்த ஊருக்கு வந்தப்புறம் என் படிப்பைத் தேடிண்டு வந்தவா அவர் ஒருத்தர்தான்.

ஆத்துக்காரர் இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிக் கையை ஆட்டினார். "இவளுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு என்னைப் பத்திச் சொல்றார்னு அந்தக் கையே சொல்லித்து. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கப் பாக்கறார், பாவி!

மதர் என் பக்கம் திரும்பி பிரெஞ்சுல கேட்டா, "நீயே சொல்லும்மா, வரயா?"

நானும் பிரெஞ்சுலயே பதில் சொன்னேன். மளமளன்னு சொன்னேன். பி.ஏ. படிச்சவருக்கு ஒரு வார்த்தை பிடிபடலை. மதர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுக் கிளம்பிட்டா.

"என்னடி சொன்னே அவகிட்ட?"ன்னு கத்தினார்.

"திங்கட்கிழமையிலேந்து வரேன்னு சொன்னேன்."