புதன்கிழமைச் சூடு

அலுவலகத்தில் அவருக்கு 'வெப்பமானி' என்று பெயர். எந்த வீடு எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்துவைக்கிறது, எவ்வளவு மின்சாரத்தை வீணாகத் தின்கிறது என்று அளந்து சான்றிதழ் கொடுக்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. "பலகைச் சுவர் சட்டுனு சூடாகும், சட்டுனு ஆறிடும். கனமான சுவர் மெதுவா வாங்கும், மெதுவாத்தான் விடும்" என்று வீட்டுக்காரர்களிடம் சலிக்காமல் சொல்வார். ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் சொந்த வீட்டில்தான் கோட்டை விட்டார்.

அவருடையது முழ அகலச் சுவர் வைத்த பழைய வீடு. புதுக் கருவிகளைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சோதனை நடக்கும்போது உள்ளே ஈ காக்கை இருக்கக் கூடாது. ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு வரும், கணக்கு கெட்டுப்போகும். அதனால் மனைவியை நாலு நாளைக்கு அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். சன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினார். தானும் அலுவலகத்திலேயே படுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் அவள் போன் செய்தாள்.

"இன்னும் மூணு நாள் இரும்மா. சுவர் இன்னும் நிதானத்துக்கு வரல."

மூன்று நாள் கழித்தும் அதே பதில். அடுத்த தடவை, அண்ணி முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். இவருக்கு உறைத்தால்தானே! "ரெண்டே நாள்" என்றார். கடைசியில் அவரே கூப்பிட்டு, "எல்லாம் முடிஞ்சுது, கிளம்பி வா" என்றபோது அவள் நிதானமாகச் சொன்னாள்: "சுவருக்குத் துணையா நீங்களே இருங்க. நான் வரல."

"வந்தா வா, வராட்டிப் போ" என்று வைத்துவிட்டார். அவர் கோபம் பலகைச் சுவர், பொழுது சாய்வதற்குள் ஆறிவிட்டது. அவள் கோபம் அந்த ரகமில்லை. ஆறு மாதம் ஓடிவிட்டது.

போனை எடுப்பார், வைப்பார். வறட்டுக் கௌரவம் விடவில்லை. பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு மறுநாளும் அதையே தின்பார். கூடத்தில் மேற்குச் சுவரை ஒட்டிய நாற்காலி அவளுடையது. அதில் மட்டும் அவர் உட்காருவதில்லை. அவள் இருமுவதைக் கேட்டால்கூடப் போதும் என்று இருந்தது.

"ரெண்டு கருவி குறையுதே சார், உங்க வீட்ல விட்டுட்டீங்களா?" என்று அலுவலக ஸ்டோர்காரர் கேட்ட பிறகுதான், அவை இன்னும் அந்த நாற்காலிக்கு மேலே சுவரில் தொங்குவது நினைவுக்கு வந்தது. கழற்றிக் கொண்டுபோய்க் கணினியில் மாட்டினார். ஆறு மாதமும் பதிவாகியிருந்தது.

அவர் வேலைக்குப் போனதும் சூட்டைக் காட்டும் கோடு மெல்லச் சரிகிறது. சரிதான். ஆனால் புதன்கிழமைகளில் மட்டும் பகல் இரண்டு மணிக்கு ஒரு மேடு எழும்பி, நாலு மணிக்கு இறங்க ஆரம்பிக்கிறது. கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று அதன் முனையை ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது. இன்னொரு கருவி கரியமில வாயுவை அளப்பது. அதிலும் அதே நேரத்தில் அதே மேடு, ஒரே ஒரு ஆள் மூச்சுவிட்ட அளவுக்கு.

வீட்டுக்கு இன்னொரு சாவி ஒருத்தியிடம்தான் உண்டு. புதன்கிழமை அலுவலகக் கூட்டம் முடிந்து அவர் வர ஏழு மணியாகும் என்று தெரிந்தவளும் அவள்தான்.

எண்ணிப் பார்த்தார். பதினெட்டு மேடுகள். கோட்டை விரலால் தொடர்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சுவர் அந்தச் சூட்டை உடனே விட்டுவிடவில்லை. ஏழு மணிக்கும் கால் டிகிரி மிச்சம் இருந்தது. பதினெட்டு தடவை அந்தச் சூட்டுக்குள் நுழைந்துதான், யாருமில்லாத வீடு என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். ஸ்டோர்காரர் எதிரில் நிற்கிறார் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார்.

அடுத்த புதன் கூட்டத்துக்கு மட்டம் போட்டார். ஒளிந்திருப்பதுபோல் ஆகக் கூடாதென்று செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். இரண்டு மணிக்குப் படியேறிய காலடி, செருப்பைப் பார்த்ததும் நின்றது. திரும்பிப் போய்விடுவாளோ என்று அவருக்கு உயிரே இல்லை. வெகுநேரம் கழித்துச் சாவி திரும்பியது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தாள்.

"டேப்பைக்கூடப் பிரிக்கலையா?"

"தோணல."

"இன்னும் எத்தனை நாள் அளக்கணும்?"

"கருவியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். தப்பு என் மேலதான்மா."

அவள் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். கடிகாரம் மூன்றைத் தாண்டியது. நாலு அடித்ததும் அவள் எழுந்தாள். அவள் கிளம்புகிற நேரம்தான் அது.

சன்னலருகே போய் டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினாள். வரவில்லை.

"பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா எப்படி? அந்தப் பக்கத்து நுனியைப் பிடிங்க" என்றாள்.