அவர் கடிகாரம் என் கையில்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்த மறுவாரம், கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஒரு கடிகாரம் வாங்கி வந்து அவர் கையில் கட்டிவிட்டாள். கடிகாரம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அது நாடி பார்க்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும். நடையை எண்ணும். ராத்திரி தூங்கினாரா, புரண்டுகொண்டிருந்தாரா என்று காலையில் சொல்லும். உள்ளேயே சிம் இருப்பதால் போன் இல்லாமல் பேசலாம். ஆள் கீழே விழுந்தால் தானாக மகளைக் கூப்பிடும். டார்ச்சும் அடிக்கும். ரசம் வைக்க மட்டும் தெரிந்திருந்தால் என்னை வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்கள்.

அதில் ஓடுவதெல்லாம் மகளின் போனில் தெரியும், ஆள் எங்கே இருக்கிறார் என்பது உட்பட. எங்களுக்குச் சுருளிப்பட்டியில் வீடு, கொஞ்சம் தள்ளிப் பன்னீர் திராட்சைத் தோட்டம். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். அவர் மசியவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். லேசான வேலை பார்க்கலாம். கொடிக்கு மருந்து அடிக்கும் பம்பை முதுகில் தூக்கக் கூடாது. கடிகாரம் கையிலேயே இருக்க வேண்டும். ஒரு தடவை அது கோளாறு என்று காட்டினாலும் தோட்டம் குத்தகைக்குப் போகும்.

தோட்டம் போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். மகளின் பிளாட் பால்கனியில் துளசித் தொட்டிக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி அதை அழுக வைப்பார். பிறகு அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடிகாரத்துக்கும் பந்தலுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் வேலை என்றால் இரண்டு கையும் தலைக்கு மேலேதான் இருக்கும். கொடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவது, வேண்டாத தளிரைக் கிள்ளுவது, எல்லாம் அண்ணாந்தபடிதான். கை வீசி நடந்தால்தான் கடிகாரத்துக்கு அது நடை. காலையெல்லாம் நின்று கழுத்து வலிக்கிறவரைப் பார்த்து, உட்கார்ந்தே இருக்கிறீர்கள், எழுந்திருங்கள் என்று அது சிணுங்கும்.

"நாள் பூரா நிக்கிறவன எந்திரிக்கச் சொல்லுது பாரு. உன்னய மாதிரியே இருக்கு," என்பார்.

"நான் சொல்லி என்னைக்குக் கேட்டீக? அது சொன்னாவாச்சும் கேளுங்க," என்பேன்.

ஐப்பசியில் நாலைந்து நாளாக மேகம் மூடிக் கிடந்தது. இப்படிப்பட்ட நாளில் மருந்து அடிக்காவிட்டால் இலையில் நோய் விழுந்து மொத்தப் பந்தலும் போய்விடும். மருந்து அடிக்கிறவர் ஒரு விசேஷத்துக்கு வீரபாண்டி போனவர் திரும்பவில்லை. வேறு ஆளும் கிடைக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு எழுந்த என் வீட்டுக்காரர், கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இந்தா, இத நீ கட்டிக்க. பேசாம வீட்டுலயே உக்காந்திரு. அப்பா வீட்டுலதேன் இருக்காகன்னு மக நெனச்சுக்கிரும்."

"நல்லா இருக்கு உங்க நாயம். நெஞ்சு வலின்னு வந்து நின்னா நான் பாக்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்."

"உனக்கென்னத்தா, இடி விழுந்தாலும் அசைய மாட்ட. உன் கையில இருந்தா அது பாட்டுக்குச் சீரா ஓடும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் கட்டிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கியது. நான் வாசல்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மருந்து அடிக்கும்போது போனைப் பையில் போட்டு மோட்டார் ரூமில் மாட்டிவிடுவது அவர் வழக்கம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி போட்டேன். மழை வலுத்தது. ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன், உட்கார்ந்துவிட்டேன். நான் போனால் அவர் தோட்டத்துக்குப் போனதாக மகளுக்குக் காட்டும். கழற்றி வைத்தால் ஏன் கழற்றினீர்கள் என்று கூப்பிடுவாள். மொச்சைத் தோலைப் பாத்திரத்திலும் பருப்பைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை.

இருட்டுவதற்குள் அவர் வந்துவிட்டார். உடம்பெல்லாம் ஈரம், கையெல்லாம் மருந்தின் நீலம். ஆளுக்கு ஒன்றும் இல்லை. காப்பி போடவா என்று கேட்கும்போதே என் போன் அடித்தது. மகள்தான்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன செய்யிது? மீட்டிங்ல இருந்தேன், இப்பத்தான் பாத்தேன். எந்திரிச்சு நடக்கக்கூட இல்ல, வீட்டுலயே உக்காந்திருக்காக. ஆனா ஒரு மணி நேரமா நாடி எறங்கவே இல்ல. காருக்குச் சொல்லிட்டேன், உடனே தேனிக்குக் கூட்டிட்டுப் போம்மா. இனிமே தோட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம்." அவள் குரல் உடைந்தது.

மகள் சொன்னது காதில் விழ, அவர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளையைப் பதற வைத்துவிட்டு எப்படிப் பொய் சொல்வது?

"கடிகாரம் என் கையில இருக்குத்தா. அது உங்கப்பா நாடி இல்ல, என் நாடி."

"உனக்கு என்னம்மா செய்யிது?"

"ஒண்ணும் செய்யல. இடி இடிச்சுச்சு. உங்கப்பாவக் காணோம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட நான் அழவில்லை. அவர் போனை வாங்கினார்.

"தாயி, மருந்து நாந்தேன் அடிச்சேன். தோட்டத்த நீ என்ன செய்யச் சொன்னாலும் செஞ்சுக்கிறேன்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் நினைக்கவில்லை. மகளும் நினைக்கவில்லை போலிருக்கிறது. பிறகு, "தோட்டம் இருக்கட்டும்ப்பா. மருந்துக்கு ஆள் வச்சுக்கங்க. அம்மாவ இப்படி உக்கார வைக்காதீக," என்றாள். காரை வேண்டாமென்று சொல்லிவிடுவதாகவும் சொன்னாள்.

ஈர வேட்டியோடு அவர் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்காகவா இம்புட்டு ஓடுச்சு?"

"இல்ல, மொச்சைக்காக," என்றேன். ஆனாலும் தள்ளி உட்காரவில்லை.

அடுத்த முறை மருந்துக்கு ஆள் வந்தார். இவர் மேற்பார்வைதான். கிளம்பும்போது கடிகாரத்தை என்னிடம் நீட்டவில்லை. அதன் மேல் ஒரு பாலிதீன் பையைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, கையிலேயே கட்டிக்கொண்டு போனார். பொழுது சாயும் நேரத்தில் என் போன் அடித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தோட்டத்திலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தேன்.

"நாந்தேன். மருந்து அடிச்சு முடிச்சாச்சு. கெளம்பிட்டேன்."

"சரி, பாத்து வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. கடிகாரத்தில் போனை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நானும் நிறுத்தாமல், தோட்டத்திலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.