இரண்டு ஈஸ்டரும் ஒன்றாய் வந்த சனிக்கிழமை

அந்தக் கிரேக்கத் தீவின் விமான நிலையத்துக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று முன்கூட்டியே கணிப்பது எவன்தியாவின் வேலை. வழக்கமாகக் கத்தோலிக்கர்களின் ஈஸ்டருக்கு ஒரு வாரம் கூட்டம் வரும். ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த கிரேக்கர்களின் ஈஸ்டருக்கு இன்னொரு வாரம். இந்த வருஷம் இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், நாளைக்கே, விழுந்துவிட்டன. அவளோ பழைய பழக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு மட்டுமே கணக்குப் போட்டிருந்தாள்.

விமான எரிபொருள் கொண்டுவந்த எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே தத்தளித்தது. காற்று அதை உள்ளே விடவில்லை.

"மதியத்துக்குள்ள காத்து அடங்கிடும், எவன்தியா. வாயை மூடிட்டு இரு," என்றார் மேலாளர் பந்தெலிஸ்.

"அடங்கலைன்னா? சாயங்காலம் தொட்டி வறண்டுடும் சார். இறங்கின விமானம் கிளம்ப முடியாது. அடுத்தது இறங்க இடமே இருக்காது."

"அப்போ எல்லாரையும் திரும்பிப்போக வேண்டிய எண்ணெயோட வரச்சொல்லு. தூரத்துல இருந்து வர்றதெல்லாம் வழியில தெசலோனிகி ஊர்ல நின்னு நிரப்பிட்டுத்தான் வரணும். உன் பொண்ணு வர்ற ஸ்டாக்ஹோம் விமானம் உட்பட. சம்மதமா?"

அவளோடு சண்டை போட்டுக்கொண்டு போன மகள் தனாய், ஆறு வருஷம் கழித்து இன்றுதான் வருகிறாள். வழியில் நின்றால் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிடும். இன்றிரவு உயிர்த்தெழுதல் பூசைக்கு மகள் பக்கத்தில் இருக்கமாட்டாள். ஒருவேளை, கோபத்தில் திரும்பியே போய்விடுவாள்.

ஜன்னலுக்கு வெளியே கொடிகள் கிழிந்துவிடுவதுபோல் படபடத்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லா விமான நிறுவனங்களுக்கும் அறிவிப்பை அனுப்பினாள்.

காற்று அடங்கவே இல்லை. ஆனால் வந்த விமானங்கள் எல்லாம் வந்த வேகத்தில் கிளம்பிப் போயின.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது.

"அம்மா, தெசலோனிகில மாட்டிக்கிட்டேன். நம்ம தீவுல எண்ணெய் இல்லையாம்! எந்த முட்டாள் போட்ட கணக்காம்?"

"நான்தான்டி."



"நான் இதுல வர்றேன்னு தெரிஞ்சுமா நிறுத்தினே?"

"தெரிஞ்சுதான்."

"நீ மாறவே இல்லம்மா." அழுகையோடே தனாய் சிரித்தாள். "காலைல முதல் விமானத்துல வர்றேன். அப்பாகிட்ட சொல்லு, ஈஸ்டர் விருந்துக்கான ஆட்டை நான் வந்தப்புறம் அறுக்கட்டும்."