கருடனைக் கழற்றியவர்கள்

அந்தக் கருடனின் அலகில் எப்போதும் கொஞ்சம் சந்தனம் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாண சவாரி முடிந்து வண்டி ஷெட்டுக்கு வந்ததும் பழைய பல் பிரஷ்ஷை வைத்துத் தேய்ப்பேன், போகாது. காரின் மூக்கில் சிறகை விரித்துக்கொண்டு பாயத் தயாராக நிற்கும் வெள்ளி நிறப் பறவை அது. செய்த வெளிநாட்டுக் கம்பெனி அதற்கு ஏதோ ஒரு வேட்டைப் பறவையின் பெயரை வைத்திருந்தது. அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கள்ளக்குறிச்சியில் வந்து இறங்கிய அன்றே அது கருடன் ஆகிவிட்டது. வானத்தில் கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் எங்கள் பக்கத்து ஜனங்கள். வானத்துக் கருடன் வட்டம் போட்டுவிட்டுப் போய்விடும். இது மண்டபத்து வாசலிலேயே நின்றது. விடுவார்களா? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள். மாப்பிள்ளை அழைப்பென்றால் கருடன் கார்தான் வேண்டுமென்று களமருதூர், திருநாவலூர் வரைக்கும் பேச்சாகிப்போனது.

வண்டி, நான் ஓட்டுநராக வேலை பார்த்த முதலாளியுடையது. கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்த பாய். ஆணி, தாழ்ப்பாள், பம்புசெட் சாமான் எல்லாம் கடையில் இருந்தன, அவர் உயிர் மட்டும் கார் ஷெட்டில் இருந்தது. சென்னையில் நொடித்துப்போன ஒரு பெரிய குடும்பத்திடமிருந்து அந்தக் காரை வாங்கி வந்திருந்தார். யாராவது கிண்டலாக, "இன்னா பாய், எங்க பெருமாள் ஒங்க ஷெட்டுல கீறாரே" என்றால், "ஒங்கூட்ல இருந்தா வெயில்ல நிக்க வெச்சிருப்ப. எங்கிட்ட போர்வ போத்திக்கினு தூங்குறாரு. நீயே கேட்டுப் பாரு" என்பார். நிக்காஹ் ஊர்வலத்துக்கு வண்டி போகும்போது பெரியவர்கள் உருவம் கூடாதென்பார்கள். அப்போது மல்லிகைச் சரத்தைப் பந்தாகச் சுற்றிப் பறவையை மூடிவிடுவேன். மறுநாள் பந்து போய்ச் சந்தனம் வரும். இரண்டையும் பாய் ஒரே முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகம் மாறுவது சேறு கண்டால்தான். சேற்றில் வண்டியை இறக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். ஒருமுறை கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் இறங்கி, வண்டிக்கு முன்னால் நடந்து, கல்லைப் பொறுக்கி ஓரம் போட்டுக்கொண்டே வந்தார். மேலே போனதும் மலைக்காரப் பாட்டி ஒருத்தி பறவையைத் தடவிப் பார்த்து, முட்டை விடுமா என்று கேட்டாள். "பெட்ரோல்தான் குடிக்கும் தாயி. முட்ட வுடாது" என்றார் பாய், கொஞ்சமும் சிரிக்காமல்.

அப்படி இருந்த மனிதரின் போனில்தான் ஒரு நாள் அந்த விளம்பரம் வந்தது. கம்பெனி தன் பெயரெழுத்தை மாற்றிவிட்டது. பறவையைக் கழற்றிவிட்டது. விளம்பரத்தில் காரே இல்லை. கண்ணைக் கூசும் நிறங்களில், ஆணா பெண்ணா என்று சட்டென்று சொல்ல முடியாத உடைகளில் சிலர் வந்து, சிரிக்காமல், யாரையோ முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கரண்டில் ஓடப்போகிறது என்று ஒரு மாதிரிக் காரைக் காட்டினார்கள். பொய் சொல்ல மாட்டேன், பார்த்ததும் எனக்குக் குமட்டியது. கரண்டில் ஓடுவதில் எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவே கரண்டில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த உருவம்! பாதி தேய்ந்துபோன சோப்புக்கட்டி மாதிரி, முகமென்று ஒன்று இல்லாமல், பின்பக்கம் கண்ணாடிகூட இல்லாமல். பணக்காரனுக்கு எதைக் கொடுத்தாலும் வாங்குவான் என்ற திமிர் அதன் நீளத்தில் இருந்தது. உலகமே காறித் துப்பியது. எங்கள் கார் ஸ்டாண்டு மட்டும் சும்மா இருக்குமா? "ஐஸ் பொட்டிய படுக்க வெச்சி சக்கரம் மாட்டிட்டான்" என்றான் ஒருவன். "பின்னாடி கண்ணாடி எதுக்கு இல்லன்னு தெரியுமா? பொண்ணு வூட்டாரு அழுவுறது தெரியக்கூடாதுல்ல" என்றான் இன்னொருவன். பாய் சிரிக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து அந்த விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "தன் மூஞ்ச தானே அழிச்சிக்கினவன இன்னான்னு கூப்புடுறது?" என்று கேட்டார். கம்பெனியைத் திட்டி வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எல்லாருக்கும் அனுப்பினார்.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. ரெண்டொரு நாளில் காரைத் திட்டுவது அலுத்துப்போய், விளம்பரத்தில் நின்றவர்களைத் திட்டுவதில் ருசி கண்டார்கள். திருநங்கைகளை இழிவாகச் சொல்ல ஊரில் ஒரு எண் வைத்திருக்கிறார்களே, அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சித்திரை மாதம் கூவாகத்துத் திருவிழாவுக்குப் போய் அவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கி வருகிற அதே வாய்கள். கேட்கக் கேட்க அருவருப்பாக இருந்தது. அந்தச் சோப்புக்கட்டிக் காரைப் பார்த்தபோது வந்த குமட்டல் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி டிபன் கடை வைத்திருக்கிற அக்கா ஒரு திருநங்கை. நாங்கள் எல்லாரும் அவர் இட்லியில் வளர்ந்த உடம்புகள். மலையிலிருந்து பிரசவத்துக்கு வந்து பிழைக்காமல் போன ஒரு பெண்ணின் குழந்தையை, கேட்பார் யாரும் வராததால், அவர்தான் எடுத்து வளர்த்தார். அந்தக் குழந்தை படித்து வேலைக்குப் போய், கடையில் தினமும் சாப்பிட வந்த எலெக்ட்ரீஷியன் பையனையே விரும்பி, பையன் வீட்டிலும் சம்மதித்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. தன் மகளோடு கருடன் காரில் மண்டபத்துக்குப் போய் இறங்க வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே வண்டி கடையைத் தாண்டும்போதெல்லாம், "எம் பொண்ணுக்கு நீதான்டா வரணும்" என்று பறவையைப் பார்த்துச் சொல்வார்.

வண்டி பேச வருகிறவர்களைக் கருடன் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவது பாயின் வழக்கம். அக்கா வந்த அன்றும் எடுத்தார். ரோஸ் நிறப் பட்டுச் சேலை, தலை நிறைய கனகாம்பரம், வெட்கப்பட்ட சிரிப்பு. அந்தப் படத்தைத்தான் யாரோ எடுத்து, கம்பெனியின் புது எழுத்தை மேலே ஒட்டி, விளம்பரத்து இசையைப் போட்டு, 'நம்ம ஊரு மாடல்' என்று சுற்றவிட்டான். அது பாய்க்கே வந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் வண்டியத் திட்டித்தாம்பா அனுப்பிக்கினு இருந்தேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, வேறு யாரிடம் சொன்னாரோ தெரியாது. ஸ்டேட்டஸ் போடுவதை அன்றோடு விட்டார்.

படம் மாப்பிள்ளை ஊரான களமருதூருக்கும் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை, தாய்மாமன்தான் எல்லாம். அவர் பாயின் கடைக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார், அவ்வளவு மரியாதை தெரிந்தவர்.

"பாய், வண்டி வரட்டும், பொண்ணு வரட்டும். அவரு மொகத்துல முழிச்சாத்தான் எங்கூட்டு கல்யாணமே. ஆனா அது வண்டில வர வேணாங்க. அது வந்து எறங்குனா மண்டபத்துல எல்லாம் போன தூக்கிக்கினு நிப்பானுங்க."

'அவரு' என்றது இரும்புப் பறவையை. 'அது' என்றது பெண்ணைப் பெற்ற இடத்தில் நிற்கும் மனுஷியை. 'அது' என்ற சொல்லில் எங்களுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. வீட்டுக்காரியை, குழந்தையை 'அது' என்று சொல்லும்போது அதில் ஒரு ஈரம் இருக்கும். இவர் சொன்ன 'அது' ஓரத்தில் கிடக்கிற ஒன்றைக் காலால் தள்ளுகிற மாதிரி இருந்தது.

"யார் ஏறணும், யார் எறங்கணும்னு பொண்ணு வூட்ல சொல்லட்டும்" என்றார் பாய்.

"சொல்லியாச்சுங்க. அது ஒத்துக்கிச்சு."

அது உண்மைதான். சாயங்காலம் நாங்கள் டிபன் கடைக்குப் போனபோது அக்கா மாவு கரைத்துக்கொண்டிருந்தார். "கல்யாணம் நின்னுரும்னு சொல்றாங்க பாய். எனக்கு வண்டி முக்கியமா, அவ பொழப்பு முக்கியமா? நான் முன்னாடியே மண்டபத்துக்குப் போயி சமையக்கட்டப் பாத்துக்கறேன்னு பொண்ணுகிட்ட சொல்லிக்கிறேன். நீங்க எதுவும் சொல்லிக்கினு இருக்காதீங்க" என்றார். அக்கா கொடுத்த டீயைப் பாய் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று கருணாபுரத்தில் அக்கா வீட்டுச் சந்துக்குள் வண்டியை நுழைத்து, பெண்ணையும் பக்கத்து வீட்டு அம்மாளையும் ஏற்றிக்கொண்டு போனேன். பாய் வழக்கத்துக்கு மாறாக முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். தாரை வார்க்கும் நேரம் வந்தபோது மேடையில் பெற்றவர்கள் இடத்தில் யாரோ ஒரு தம்பதி நின்றார்கள். அக்காவுக்கு அவர்கள் ஒன்றுமே இல்லை, தாய்மாமன் ஏற்பாடு செய்தவர்கள். மணமேடையிலிருந்து அந்தப் பெண் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கூட்டத்தில் தேடியதை வாசலில் நின்ற நான் பார்த்தேன். தாலி ஏறியது.

வெளியே வந்த தாய்மாமன் கருடன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சுற்றி நின்றவர்களிடம், "எப்பேர்ப்பட்ட கம்பெனி. இவர போயி கழட்டிப் போட்டுட்டானுங்களே. கம்பெனியவே பெத்து வளத்தவருக்கு ஒரு மரியாத வேணாமா?" என்றார். நிஜமான வருத்தத்தோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை. நான் தூரப்போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

இன்றைக்கு அந்த விளம்பரத்தை எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. திட்டியவர்களுக்கு அதற்குப் பிறகு திட்ட வேறு எத்தனையோ கிடைத்துவிட்டன. பாய் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. வண்டி அவர் மகனிடம் ஷெட்டில் நிற்கிறது. அந்தப் புதுக் காரை நான் நேரில் பார்த்ததில்லை, பார்க்கிற ஆசையும் இல்லை. ஆனால் ஒரு கம்பெனி தன் பறவையைக் கழற்றியதற்கு அவ்வளவு துடித்த மனிதர்கள், சமையல்கட்டில் ஒரு தாயைக் கழற்றி வைத்துவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அன்று சாப்பாடு முடிந்து, பெண்ணை அனுப்பிவைக்கும் நேரம். மாப்பிள்ளையும் பெண்ணும் பின்சீட்டில் ஏறினார்கள். கதவைச் சாத்தியதும் அந்தப் பெண், "அண்ணே, மண்டபத்துக்குப் பின்பக்கம் வுடுங்க" என்றாள். பின்பக்கம் எச்சில் இலை கொட்டுகிற இடம். குழம்பும் ரசமும் கழுவின தண்ணீரும் சேர்ந்து கணுக்கால் புதைகிற சேறு. நான் பாயைப் பார்த்தேன். வெளியே தாய்மாமன் கையை நீட்டி ரோட்டுப் பக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மெதுவாக, "போங்கண்ணே" என்றான். பாய் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "போப்பா" என்றார்.

நாய்கள் விலகின. அக்கா குழாயடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். பாயே இறங்கி, சேற்றில் பாதம் வைத்து, பின்கதவைத் திறந்தார்.

"வேணாம் பாய், சேல ஈரம். சீட்டு கெட்டுரும்."

"சீட்டு என்னுது. ஒக்காரும்மா."

மகள் நகர்ந்து இடம் விட்டாள். அக்கா உட்கார்ந்தார். வண்டி தியாகதுருகம் ரோட்டில் ஏறியது. மகள் அந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் அக்கா நிறுத்தச் சொன்னார். மகள் மாட்டேன் என்றாள். "பொழைக்கப் போற வூடு. மொத நாளே சண்டையோட போவாத. நான் வந்துட்டேன்ல, போதும்" என்று கையை விடுவித்துக்கொண்டு இறங்கினார். அக்காவை ஊருக்குள் கொண்டுபோய் விட பாயும் இறங்கி நின்றார், எதிரே வந்த ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினார். அக்கா ஜன்னலுக்குள் குனிந்து, பெண்ணைக் கொடுக்கிற தாய்மார் எல்லாரும் சொல்வதுபோல ஒன்றைச் சொன்னார்.

"மாப்ள, காலைல டீ குடிக்காம இவ ஆருகிட்டயும் பேச மாட்டா. அத வெச்சி கோவிச்சிக்காத."

மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கினான். பின்னால் அவன் வீட்டு வேன் வந்து நின்றது, தாய்மாமன் தலையை நீட்டினார். அவருக்கும் கேட்கிற மாதிரித்தான் அந்தப் பையன் சொன்னான்.

"சரிங்க அத்த."