வலது மூலையில் ஒரு சிவப்பு இன்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வேலை செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த வருடம் இதையே சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப் போனது. மெயில் திறந்தது, பேப்பர் வந்தது, எல்லாம் வந்தது. ஆனால் திரையின் கீழே வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் ஒட்டி நிற்கிற மாதிரி ஒரு படம் இருக்குமே, அதன்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. இன்டு மார்க். கேபிள் கழன்றிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கேபிள் கழலவில்லை. நான் குனிந்து, மேஜைக்கு அடியில் புகுந்து, தலையை இடித்துக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் நடந்தது இது. வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர். தம்பி வெல்டர் வேலைக்கு கல்ஃப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்கு அவன் ரூமிலிருந்து பஸ் பிடித்து ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவான். நம்ம ஊர் மணிக்கு ஆறரை. கேமரா முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் முகத்தைக் காட்டுவான். அம்மா வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் சமைத்தாள், துவைத்தாள், கோயிலுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலை வாரி, ஐந்தரைக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.

அப்பா அவனோடு பேச மாட்டார். மணலியில் ஒரு கம்பெனியில் தம்பிக்கு வேலை வாங்க நாலு பேர் வாசலில் நின்றவர் அவர். இன்டர்வியூ அன்றைக்குத் தம்பி விசா வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அன்றோடு சரி. வழியனுப்ப விமான நிலையத்துக்கும் அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கம்ப்யூட்டரை ஆன் செய்துகொடுத்துவிட்டு, கேமராவில் விழாத தூரத்தில், கட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்.

கம்ப்யூட்டரை அவர்தான் ஆன் செய்வார். வேறு யாரும் தொடக் கூடாது. முப்பத்து நான்கு வருடம் துறைமுகத்துக்குள் கூட்ஸ் எஞ்சின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டரும் அவர் கணக்கில் எஞ்சின்தான். காலையில் பழைய பனியனை எடுத்து, துறைமுகத்திலிருந்து காற்றில் வந்து கம்ப்யூட்டர்மேல் படிந்த நிலக்கரித் தூசியைத் துடைப்பார். ஸ்டெபிலைசர், யுபிஎஸ், ஒயர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்ப்பார். அதற்கு அப்புறம்தான் பட்டனில் விரல் வைப்பார். இதையெல்லாம் நாங்கள் கிண்டல் செய்துகொண்டே பொறுத்துக்கொண்டோம்.

முதல் வெள்ளிக்கிழமை இன்டு விழுந்தபோது மணி ஆறு இருபது.

"ரெட்டு கீது," என்றார் அப்பா. கையை எடுத்துவிட்டார்.

"நைனா, அது சும்மா. நெட் வருது பாரு," என்று நான் மவுஸைப் பிடிக்கப் போனேன். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"கை வைக்காத. ரெட்டு இருந்தா தாண்டக் கூடாது."

ஆறரை ஆனது. ஏழரையும் ஆனது. வேலை செய்கிற இன்டர்நெட் முன்னால் நாங்கள் மூன்று பேரும் சிவப்பு பச்சையாக மாறுவதற்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா புடவையை மாற்றவே இல்லை. மறுநாள் தம்பி ஐஎஸ்டி போட்டு, "ஒரு மணி நேரம் உக்காந்துகினு இருந்தேன்கா, இன்னா ஆச்சு, யாருக்குனா உடம்பு சரியில்லியா?" என்று கேட்டான். ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு அவ்வளவு கோபம்.

நான் பாரிமுனையில் ஒரு ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் அடிப்பவள். எனக்கே பாடம் நடத்தினார் என்பதுதான் கூடுதல் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைய பேப்பரைத் திரையில் திறந்து காட்டினேன். "பாரு, ஓடுது."

அப்பா செய்தி முழுவதையும் பொறுமையாகப் படித்தார். பிறகு சொன்னார்: "ரெட்டுலயும் வண்டி ஓடும்மா. யார் ஓடாதுன்னா? ஓடுதுன்னு ஓட்டக் கூடாது. அவ்ளோதான்."

அவருக்கு இந்த இன்டு வசதியாகப் போய்விட்டது, மகன் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவிடம் சொல்லவும் செய்தேன்.

கேபிள்காரரைக் கூப்பிட்டோம். டிவி கனெக்‌ஷன் கொடுத்துக்கொண்டிருந்தவர், மொட்டை மாடி மொட்டை மாடியாக ஒயர் இழுத்து இன்டர்நெட்டும் கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஐம்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர். ஒயரைப் பிடுங்கினார், செருகினார். முனையை வெட்டிப் புது கிளிப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டார். டீ குடித்தார். இன்டு அப்படியே இருந்தது.

"அண்ணாத்தே, மேட்டர் இன்னான்னா," என்று கடைசியில் அப்பாவிடம் விளக்கினார். "போன மழையில இடி உழுந்துச்சுல்ல, அப்பவே ஒயரு சொருகுற இந்தப் பழைய ஓட்டை பூட்ச்சு. நான்தான் வேற கார்டு போட்டு புது ஓட்டை குட்த்தேன். நெட்டு வர்றது புதுசுல. ரெட்டு காட்றது பழசுக்கு. இத்தினி நாள் சும்மா கெடந்துச்சு, இப்பதான் முழிச்சினு காட்டுது."

"செத்த லைனுக்கு எதுக்குய்யா சிக்னலு?"

"அத்த நீ கம்ப்யூட்டர் செஞ்சவன்கைலதான் கேக்கணும்."

"அப்போ ஓடுற லைனுக்கு சிக்னல் எங்க?"

கேபிள்காரர் தலையைச் சொறிந்தார். ஓடுகிற லைனுக்குப் படமே இல்லை. ஓடாத லைனுக்கு மட்டும் படம். இதைக் கேட்ட அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் வேலை செய்த இடத்தில் இப்படி ஒரு ரயில் யார்டு இருந்திருந்தால் பாதிப் பேர் உயிரோடு வீடு திரும்பியிருக்க மாட்டார்கள் என்றார். கேபிள்காரர் அவரைச் சமாதானப்படுத்த, பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, திரையின் மூலையில் ஒட்டிவிட்டார். "இந்தா, ரெட்டு போச்சு. இன்னாத்துக்கு பேஜாரு?"

அப்பா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. சிக்னலை மறைப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம் என்று வாசல்வரை கத்திக்கொண்டே போனார். கேபிள்காரர் இரண்டு மாடியையும் மூச்சு விடாமல் இறங்கினார். டேப்பின் பசை திரையில் நெடுநாள் இருந்தது.

அடுத்த வெள்ளியும் வந்தது. அம்மா அதே மாதிரி புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சிவப்பைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கட்டில் ஓரத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"முப்பத்து நாலு வருசம் வண்டி ஓட்ன. ஒரு நாளாவது சிக்னலு கெட்டுப் போய் ரெட்டுலயே நின்னுகீதா, இல்லியா?"

"கீது. எத்தினியோ தபா."

"அப்போ இன்னா பண்ணுவ? அங்கியே குடித்தனம் பண்ணுவியா?"

அப்பாவுக்கு இப்படிப்பட்ட கேள்வி என்றால் தனி உற்சாகம். அப்படி நின்றுவிட்டால் அதற்கு ஒரு முறை இருக்கிறதாம். சிக்னல் பழுது, தாண்டிப் போகலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, டிரைவர் கையில் மெமோ கொடுக்க வேண்டும். சிக்னல் கம்பத்தடியில் ஓர் ஆள் நின்று பச்சைக் கொடி காட்ட வேண்டும். அப்போது தாண்டலாம். அதுவும் நடை வேகத்தில்.

"எழுதுடி," என்றாள் அம்மா என்னிடம்.

நான் ஆபீஸ் நோட்டில் ஒரு பக்கம் கிழித்து எழுதினேன்: 'வலது மூலை சிக்னல் பழுது. சிவப்பைத் தாண்டிச் செல்ல டிரைவருக்கு அனுமதி. எச்சரிக்கையாகச் செல்லவும்.' அப்பா வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, நேரம் போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். நேரம் போட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் யார் என்று கேட்டார்.

"நான்தான்," என்று சொல்லி அம்மா பேனாவைப் பிடுங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். பீரோவிலிருந்து பச்சை ஜாக்கெட் துணி ஒன்றை எடுத்துவந்து, மானிட்டருக்குப் பக்கத்தில் நின்று ஆட்டினாள்.

அப்பா மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார். நடை வேகம் என்றால் நடை வேகம்தான். ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கலாம். டபுள் கிளிக் ஆகாததால் எதுவும் திறக்கவில்லை. ஆறு நாற்பத்தெட்டுக்கு ஒருவழியாகத் தம்பி முகம் வந்தது. இளைத்துப்போயிருந்தான். அப்பா உடனே எழுந்து கட்டில் ஓரத்துக்குப் போய்விட்டார். அம்மா பச்சைத் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அப்புறம் வெள்ளிதோறும் இதே கூத்துதான். மெமோ, கையெழுத்து, கொடி, நடை வேகம். மெமோக்களை அப்பா தேதிவாரியாக ஒரு கம்பியில் குத்தி வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை தம்பி, பாலைவனத்துக்குள்ளே குழாய் பதிக்கிற வேலைக்கு அனுப்புகிறார்கள், அங்கே நெட் கிடையாது, இரண்டு மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த இடைவெளியில் எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் எனக்கு வழி சொன்னார். செத்த கனெக்‌ஷனை அணைத்துவிட்டு, ஓடுகிற கனெக்‌ஷனின் படத்தைக் காட்டச் சொல்லி ஒரு டிக் போட வேண்டும். ஒரு நிமிஷ வேலை. செய்தேன். சிவப்பு போனது. இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்களும் நீலமாக மினுக்கின. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "லைன் கிளியரு," என்றார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் முடிந்தது. தம்பி வரவில்லை. மூன்றாவது மாதமும் வரவில்லை. ஒரு தடவை யாரோ ஒருவர் போன் செய்து, நன்றாக இருக்கிறான், வேலை நீண்டுவிட்டது என்று மட்டும் சொன்னார். ஆனாலும் வெள்ளி ஆறரைக்கு அம்மா நாற்காலியில் இருப்பாள். அப்பா கட்டிலில் இருப்பார். மூலையில் எந்தக் குறையும் இல்லாமல் நீலம் மினுக்கிக்கொண்டிருக்கும்.

நாலாவது மாதத்தில் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த செகப்ப திரும்ப வச்சுடு."

"என்னம்மா சொல்ற?"

"அது இருந்தப்போ புள்ள வந்தான். இது வந்ததுலேர்ந்து வர்ல."

நான் விளக்க ஆரம்பித்தேன். செத்த கனெக்‌ஷன், ஓடுகிற கனெக்‌ஷன், பாலைவனம், எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் காதில் வாங்கவில்லை. உதவிக்கு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் சிவப்பை மதித்தவர், நல்ல சிக்னலைக் கெடுக்க விடுவாரா?

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வச்சுடும்மா," என்றார். "மெமோ நான் எழுதறேன்."

நான் அவரைப் பற்றி இத்தனை நாள் நினைத்ததெல்லாம் தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்து செத்த கனெக்‌ஷனுக்கு உயிர் கொடுத்தேன். சிவப்பு இன்டு வந்து விழுந்தது. அம்மா முகத்தில் ஒரு நிம்மதி. அப்பா தன் கையால் மெமோ எழுதி, நேரம் போட்டு, அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். அம்மாவுக்கு முட்டி வலி, நிற்க முடியாது என்று பச்சைத் துணியையும் அவரே எடுத்துக்கொண்டார். மவுஸ் என் கைக்கு வந்தது. அந்த வெள்ளி தம்பி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. இரண்டு வெள்ளியும் அப்பா ஒரு மணி நேரம் மானிட்டர் பக்கத்தில் நின்றார்.

மூன்றாவது வெள்ளி, ஏழு மணி வாக்கில், திரையில் கட்டம் கட்டமாக ஒரு முகம் சேர்ந்தது. கறுத்துப்போயிருந்தான், தாடி வைத்திருந்தான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கண்ணைச் சுருக்கினான். கொடி ஆட்டுகிற மும்முரத்தில் அப்பா கேமராவுக்குள் வந்து நின்றிருந்தார்.

"அக்கா, நைனா இன்னாத்துக்கு பச்சத் துணி புடிச்சினு நிக்குது?"

நான் சொல்லட்டுமா, அம்மா சொல்லட்டுமா என்று நாங்கள் தயங்கினோம். அப்பா குனிந்தார். மைக்கை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் மானிட்டரையே பிடித்துக்கொண்டு, இரண்டரை வருடத்துக்கு அப்புறம் மகனிடம் பேசினார்.

"சிக்னலு ஃபெயிலு. அத்த உடு. நீ வா."